கலந்து பார்த்தால்தான் வண்ணம் தெரியும்

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் கார்வேட்டிநகரம், புத்தூர், நகரி, சித்தூர், திருப்பதி என நம்மவர்கள் வாழும் ஊர்களில் எல்லாம் ஓவிய வகுப்புகளும் தொடங்கிவிடுகின்றன. பிள்ளைகள் வெயிலில் அலையாமல் ஓரிடத்தில் அமர்ந்து ஒரு கலையைக் கற்பது மகிழத்தக்கதே. ஆயினும், அங்கே வண்ணம் கற்பிக்கப்படும் முறையைப் பற்றி எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. அதை நம் சங்க அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதல் நாளே சுவரில் ஒரு வண்ணச் சக்கரத்தை மாட்டிவிடுகிறார்கள். சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் அடிப்படை நிறங்கள்; இரண்டிரண்டாகக் கலந்தால் ஆரஞ்சு, பச்சை, ஊதா; எதிரெதிரே இருப்பவை எதிர் நிறங்கள். பிள்ளைகள் இதை வாய்ப்பாடு போல ஒப்பிக்கிறார்கள். பிறகு பன்னிரண்டு புட்டிகள் கொண்ட பெட்டியைத் திறந்து, இலைக்குப் பச்சைப் புட்டி, வானத்துக்கு நீலப் புட்டி என்று எடுத்துப் பூசுகிறார்கள். சக்கரம் சுவரிலேயே நின்றுவிடுகிறது, கைக்கு வருவதில்லை. இந்த வரிசை தலைகீழானது. கை முதலில் கலக்க வேண்டும், கண் அடுத்துப் பழக வேண்டும், சக்கரம் கடைசியில் வர வேண்டும். அப்படிக் கற்பிக்க இந்த வட்டாரத்தைப் போல வசதியான இடம் நாட்டில் அதிகம் இல்லை.

ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு ஓவியத்தில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். ரயில்வே நிறத்தை நம்பி ஓடும் துறை. முன்பு கைகாட்டிக் கம்பங்களில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்த காலத்தில், பச்சை காட்டும் கண்ணாடியைக் கழற்றிப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால் அது நீலம் கலந்த நிறமாக இருக்கும். மண்ணெண்ணெய்ச் சுடர் மஞ்சள். அந்த மஞ்சள் ஒளி நீலம் கலந்த கண்ணாடி வழியாக வரும்போதுதான் ஓட்டுநர் கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும். நிறம் என்பது பொருளில் மட்டும் இருப்பதன்று. அதன்மேல் விழும் ஒளியையும் பொறுத்தது என்பதை விளக்கறையில் வேலை செய்த கடைநிலை ஊழியரும் கையால் அறிந்திருந்தார்.

நம் வீட்டுப் பெண்மணிகளும் இதை அறிவார்கள். துணிக்கடையில் புடவையை எடுத்தவுடன், "கொஞ்சம் வாசலுக்குக் கொண்டு வாங்க, வெயில்ல பார்க்கணும்" என்பார்கள். கடை விளக்கின் கீழ் ஒத்துப்போன ரவிக்கையும் புடவையும் வெயிலில் வேறுபட்டுப் போவதுண்டு. வெள்ளை வேட்டிக்கு நீலம் போடுவதும், சுண்ணாம்பு அடிக்கையில் சிறிது நீலம் கலப்பதும் ஏன்? வெள்ளையில் ஏறியிருக்கும் இலேசான மஞ்சளை நீலம் அடக்குகிறது. வெள்ளை இன்னும் வெள்ளையாகத் தெரிகிறது. எதிர் நிறம் எதிர் நிறத்தை அடக்கும் என்ற பாடம் இதுதான். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பாவதைக் காணாத பிள்ளை நம் வீடுகளில் இல்லை. அந்தச் சிவப்பில் எலுமிச்சை பிழிந்தால் மறுபடி மஞ்சளாகும். இத்தனை பாடங்கள் வீட்டில் இருக்க, வகுப்பில் மட்டும் நிறத்தை ஏட்டிலிருந்து தொடங்குவானேன்?

வண்ணக் கோட்பாட்டின் வரலாறும் என் பக்கமே பேசுகிறது. நியூட்டன் பட்டகத்தின் வழியே சூரிய ஒளியைப் பிரித்துப் பார்த்துத்தான் நிறங்களை வட்டமாக அமைத்தார். அந்த வட்டம் 1704-ல் வெளிவந்த அவருடைய ஒளியியல் நூலில் உள்ளது. ஓவியர்களுக்குப் பெரிதும் பயன்பட்ட இன்னொரு விதி, ஒரு சாயப் பட்டறையிலிருந்து வந்தது. பாரிஸ் நகரில் கோபலான் என்ற புகழ்பெற்ற திரைச்சீலை நெசவுக்கூடம் உண்டு. 1824-ல் அங்கே சாயப் பிரிவின் பொறுப்பை ஏற்றவர் செவ்ரல் என்ற வேதியியலறிஞர். கறுப்பு நூலில் சாயம் சரியாக ஏறவில்லை, வெளிறிக் கிடக்கிறது என்று அவரிடம் புகார் வந்தது. அவர் ஆராய்ந்து பார்த்தார். சாயத்தில் குறையே இல்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் அருகில் வைத்து நெய்ததால் கறுப்பு வலுவிழந்து தெரிந்தது. பக்கத்து நிறம் ஒரு நிறத்தின் தோற்றத்தை மாற்றும் என்ற அந்த விதியை விரிவாக எழுதி 1839-ல் நூலாக வெளியிட்டார். பின்னால் வந்த பிரெஞ்சு ஓவியர்கள் பலர் அதைப் படித்துப் பயன் பெற்றார்கள். நூல் பிறப்பதற்கு முன் நூல்கண்டு இருந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது.

இனி நம் ஊர்ப்பக்கம் வருவோம். திருப்பதியிலிருந்து 40 கிலோமீட்டருக்குள் இருப்பது கண்ணப்பரின் திருக்காளத்தி, இன்றைய ஸ்ரீகாளஹஸ்தி. பொன்முகலி என்று நாம் அழைக்கும் சுவர்ணமுகி ஆற்றின் கரையில் அமைந்த அந்த ஊர், கையால் வரையும் கலம்காரித் துணி ஓவியத்துக்குப் பெயர் பெற்றது. மசூலிப்பட்டினம் பக்கத்துக் கலம்காரி மர அச்சால் பதிப்பது. காளத்தியில் எல்லாம் கை வரைவு. நலிந்து கிடந்த இந்தக் கலைக்கு, கமலாதேவி சட்டோபாத்யாயாவின் தலைமையில் இயங்கிய அகில இந்தியக் கைவினை வாரியத்தின் முயற்சியால் 1950-களின் இறுதியில் அங்கே ஒரு பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டது. அங்கே கற்பித்த ஜொன்னலகட்ட லட்சுமய்யாவின் மகன் குரப்பச் செட்டி, 2008-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். திருப்பதியில் தேவஸ்தானம் நடத்தும் சிற்பக் கல்வி நிலையத்திலும் கலம்காரி ஒரு பாடமாக இருக்கிறது.

இதில் வேலை நடக்கும் வரிசையைக் கவனியுங்கள். வண்ணப் பாடம் முழுவதும் அந்த வரிசையிலேயே அடங்கியிருக்கிறது.

வெளுத்த பருத்தித் துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப் பாலும் கலந்த நீரில் நனைத்து உலர்த்துகிறார்கள். கடுக்காயின் துவர்ப்புச் சத்து துணியில் ஏறுகிறது. பாலின் கொழுப்பு, பின்னால் தீட்டும் சாயம் கசிந்து பரவாமல் தடுக்கிறது. புளியங்குச்சிக் கரியால் படத்தை வரைந்துகொள்கிறார்கள். பழைய இரும்புத் துண்டுகளை வெல்ல நீரில் பல நாட்கள் ஊற வைத்துப் புளிக்கச் செய்த கரைசலை, கம்பளி நூல் சுற்றிய மூங்கில் குச்சியால் தொட்டு எழுதுகிறார்கள். அந்தக் குச்சியே கலம். கலத்தில் இருக்கும் கரைசலில் கறுப்பு இல்லை. துணியில் உள்ள கடுக்காய்த் துவர்ப்பும் இரும்பும் சேரும் இடத்தில்தான் கறுப்பு பிறக்கிறது.

அடுத்தது சிவப்பு. சிவப்பு வர வேண்டிய இடங்களில் எல்லாம் ஓவியர் தீட்டுவது படிகார நீர். அதற்குச் சிவப்பு நிறம் கிடையாது. அதை உலரவிட்டு, ஓடும் நீரில் அலசி, பிறகு சாயவேர், மஞ்சிட்டி போன்றவை இட்ட கொதிநீரில் துணியைப் போடுகிறார்கள். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும். மற்ற இடத்தில் ஏறிய கறை, சாணக் கரைசலில் ஊறி வெயிலில் வெளுக்கும்போது போய்விடும். படிகாரம் அடர்ந்தால் அடர் சிவப்பு, நீர்த்தால் இளஞ்சிவப்பு. படிகாரத்தோடு சிறிது இரும்பு சேர்ந்தால் அதே கொதிநீரில் பழுப்பும் கருஞ்சிவப்பும் கிடைக்கும். ஆக, ஓவியர் தீட்டும் நேரத்தில் கண்முன் இல்லாத நிறத்தை மனத்தில் பார்த்தே தீட்டுகிறார். இப்படி ஒரு பயிற்சியை எந்த அச்சிட்ட சக்கரத்தால் தர முடியும்?

கடைசியில் மஞ்சளும் நீலமும். மஞ்சள் பெரும்பாலும் கடுக்காய்ப் பூவிலிருந்து வருகிறது, நீலம் அவுரியிலிருந்து. பச்சைக்கென்று தனிச் சாயம் இல்லை. நீலத்தின்மேல் மஞ்சளைத் தீட்டித்தான் பச்சை வர வேண்டும். அருங்காட்சியகங்களில் இருக்கும் பழைய சோழமண்டலக் கரைத் துணிகளில் இலைகள் பல நீலமாக இருப்பதைக் காணலாம். அன்றைய ஓவியருக்கு இலையின் நிறம் தெரியாமலா போயிற்று? மஞ்சள் சாயம் விரைவில் வெளிறக் கூடியது. அவுரி நிலைக்கக் கூடியது. காலப்போக்கில் மஞ்சள் போய் நீலம் மட்டும் நின்றுவிட்டது. பச்சை என்பது இரண்டு நிறங்களின் கூட்டு என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

சாயவேர் வேண்டாம், கடையில் வாங்கிய வண்ணமே போதும் என்றாலும் பாடம் மாறாது. என் பேத்தி ஓவியக் கல்லூரியில் முதலாண்டு படித்தபோது, பன்னிரண்டு பிரிவுள்ள வண்ணச் சக்கரம் ஒன்றைத் தீட்டி வரச் சொன்னார்கள். அவள் பன்னிரண்டு புட்டிகளைத் திறந்து ஒரே இரவில் முடித்துவிட்டாள். ஆசிரியை அதை ஏற்கவில்லை. மூன்றே குழாய்களிலிருந்து பன்னிரண்டையும் வரவழைக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பினார். அதன்பின் மூன்று வாரம் வீடெல்லாம் வண்ணம்தான். ஆரஞ்சுச் சாயல் கொண்ட சிவப்போடு அல்ட்ராமரின் நீலத்தைக் கலந்தாள். ஊதா வரவில்லை, பழுப்பு வந்தது. ஊதாச் சாயல் கொண்ட கிரிம்சன் சிவப்பை எடுத்த பிறகே ஊதா வந்தது. எலுமிச்சை மஞ்சளோடு அல்ட்ராமரின் சேர்ந்தால் மங்கிய பச்சை. பிரஷ்யன் நீலம் சேர்ந்தால் தளிர்ப் பச்சை. மஞ்சளைக் கருமையாக்கக் கறுப்பைச் சேர்த்தால் அது பாசிப் பச்சையாகிவிடுகிறது. நீலம் வலுவானது, ஆகவே மஞ்சளில்தான் நீலத்தைத் துளித்துளியாகச் சேர்க்க வேண்டும். நீலத்தில் மஞ்சளைச் சேர்க்கப் புகுந்தால் மஞ்சள் குழாய் காலியாகிவிடும்.

"சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா" என்ற வாய்ப்பாட்டில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. எந்தச் சிவப்பு, எந்த நீலம் என்ற கேள்வியே அதில் எழுவதில்லை. அந்தக் கேள்வி எழுவதுதான் வண்ணக் கல்வியின் தொடக்கம். கெட்டுப்போன கலவைகள் அத்தனையையும் அளவோடு ஒரு குறிப்பேட்டில் அவள் பதிந்து வைத்திருக்கிறாள். பாடநூலைவிட அதையே அதிகம் புரட்டுகிறாள்.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளையும் பார்க்க வேண்டும்.

இப்போதெல்லாம் படம் கணினியிலும் கைப்பேசியிலும் வரையப்படுகிறது. கலக்கும் வேலை எதற்கு என்பது முதல் மறுப்பு. கலக்கத் தெரியாதவனைக் குழப்புவதே அந்தத் திரைதான். திரை ஒளியைக் கூட்டுகிறது. அங்கே சிவப்பொளியும் பச்சையொளியும் சேர்ந்தால் மஞ்சள். வண்ணக் குழம்போ ஒளியை விழுங்குகிறது. அங்கே சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் பழுப்பு. திரையில் மட்டும் பழகிய பிள்ளை, அச்சகத்துக்கோ துணிக்கோ தன் படத்தைக் கொடுத்துவிட்டு, நிறம் மாறிவிட்டதே என்று திகைக்கிறது. இரண்டையும் கையாள வேண்டிய காலம் இது. குழம்பை அறிந்தவனுக்குத் திரையை விளக்குவது எளிது.

இயற்கைச் சாயம் என்பது பழம்பெருமை பேசுவது என்பது இரண்டாவது மறுப்பு. பிள்ளைகள் இனி சாயவேரால்தான் வரைய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சாயவேரிலும் மஞ்சிட்டி இனத்திலும் இருக்கும் அலிசரின் என்ற சிவப்புப் பொருளை 1868-ல் ஜெர்மன் வேதியியலறிஞர்கள் செயற்கையாக ஆக்கிவிட்டார்கள். அவுரி நீலமும் 1897-ல் ஆலைச் சரக்காகச் சந்தைக்கு வந்தது. கடப்பை முதலிய தென் மாவட்டங்களில் அவுரி பயிரிட்டவர்கள் அதனால் பிழைப்பை இழந்தார்கள். ஓவியர்கள் வாங்கும் அலிசரின் கிரிம்சன் என்ற பழம்புகழ் வண்ணம், அந்த அலிசரினை அலுமினிய உப்போடு சேர்த்துச் செய்ததுதான். காளத்தி ஓவியர் படிகாரத்தால் துணியில் செய்வதை ஆலை தொட்டியில் செய்கிறது. ஆகவே பழமையா புதுமையா என்ற வழக்கு இதில் இல்லை. குழாயைப் பிதுக்கும் பிள்ளைக்கு அதனுள் இருப்பது என்னவென்று தெரிய வேண்டும் என்பதே என் கோரிக்கை.

செலவும் அழுக்கும் மூன்றாவது மறுப்பு. பன்னிரண்டு புட்டிக்குப் பதிலாக நான்கு குழாய் வாங்கினால் செலவு கூடாது. சட்டை அழுக்காகும் என்பது உண்மை. அதற்குப் பழைய சட்டை இருக்கிறது.

கலந்து பழகும் வகுப்பில் வேறு ஒரு நன்மையும் உண்டு. ஆண் பிள்ளைகளில் நூற்றுக்குச் சிலருக்குச் சிவப்பு, பச்சை வேறுபாடு சரியாகத் தெரிவதில்லை. பெண்களுக்கு இது மிக அரிது. பிறவியிலேயே வரும் இந்தக் குறையைப் பிள்ளையும் அறியாது, பெற்றோரும் அறியார். ஓட்டுநர் வேலைக்கு எழுத்துத் தேர்வில் வென்று வரும் இளைஞர்கள், மருத்துவச் சோதனையில் புள்ளிகளால் ஆன இஷிஹாரா அட்டையைப் படிக்க முடியாமல் திகைத்து நிற்பார்கள். பல ஆண்டு உழைப்பு அந்த ஒரு நிமிடத்தில் வீணாகும். அச்சிட்ட பெயரைப் பார்த்துப் பச்சைப் புட்டியை எடுக்கும் பிள்ளையிடம் இந்தக் குறை வெளிப்படாது. பெயரில்லாத கலவைகளைத் தானே ஒப்பிட்டுக் கலக்கும் பிள்ளையிடம் பத்து வயதிலேயே வெளிப்பட்டுவிடும். ஆசிரியர் கடிந்துகொள்ளாமல் கண் மருத்துவரிடம் காட்டச் சொன்னால், அந்தப் பிள்ளை தனக்கேற்ற வேறு வழியைக் காலத்தோடு தேர்ந்துகொள்ளும்.

வண்ணம் அறிவது நம் வட்டாரத்தில் வயிற்றுப்பாட்டோடும் சேர்ந்தது. நகரியிலும் புத்தூரிலும் விசைத்தறியையும் சாயப் பட்டறையையும் நம்பி வாழும் குடும்பங்கள் பல. மாதிரித் துணியின் நிறத்துக்கு ஒத்த நிறம் வராவிட்டால் சரக்கு திரும்பி வரும். காளத்தி ஓவியர்களின் நிலை இன்னும் நுட்பமானது. ஆற்றில் ஆண்டு முழுவதும் நீர் ஓடுவதில்லை. வாரக்கணக்கில் உழைத்துத் துணியை முடிக்கும் அவர்களுக்கு, இயந்திரத்தில் அச்சடித்துக் கலம்காரி என்ற பெயரில் விற்கப்படும் துணி போட்டியாக நிற்கிறது. காளத்திக் கலம்காரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அது பெயரைக் காக்கும். பொருளைக் காக்க வாங்குபவர் கண் பழகியிருக்க வேண்டும். கை வரைவில் கோடு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் ஓடும். ஒரே சிவப்பு ஓரிடத்தில் ஆழ்ந்தும் ஓரிடத்தில் இளகியும் நிற்கும். ஒரு முறையேனும் தன் கையால் சிவப்பை வரவழைத்த பிள்ளை வளர்ந்து கடைக்குப் போனால், இந்த வேறுபாட்டைச் சொல்லித் தர யாரும் தேவைப்படாது.

நம் சங்கம் செய்யக் கூடியவை மூன்று. கோடை வகுப்பில் முதல் இரண்டு வாரம் சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை நான்கைத் தவிர வேறு வண்ணம் கூடாது என்று வைக்கலாம். கறுப்பும் வேண்டாம், அதையும் கலந்தே வரவழைக்கட்டும். ஒரே நீலச் சதுரத்தைச் சிவப்பின் நடுவிலும் மஞ்சளின் நடுவிலும் தீட்டிப் பார்த்து, செவ்ரல் கண்டதைப் பிள்ளைகள் தாமே காணட்டும். அதன் பின் சக்கரத்தை அச்சிட்டுக் கொடுக்காமல் அவர்களே தீட்டட்டும்.

இரண்டாவதாக, ஆண்டுக்கு ஒரு நாள் பிள்ளைகளைக் காளத்திக்கு அழைத்துச் சென்று, கலம்காரி ஓவியர் ஒருவரிடம் படிகாரத்திலிருந்து சிவப்பு வரைக்கும் பார்க்கச் செய்யலாம். அந்த ஒரு நாள் உழைப்புக்கு உரிய கூலியைக் கொடுத்துவிட வேண்டும். பொன்னாடையும் நன்றியும் மட்டும் கொடுத்து அனுப்பக் கூடாது.

மூன்றாவது, சொற்கள். சாயவேர், அவுரி, மஞ்சிட்டி, கடுக்காய், படிகாரம் ஆகியவற்றின் பெயர்கள் நம் பாட்டிமார் நாவில் இருந்தவை. நம் பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். இந்தப் பொருள்களைக் கண்ணால் பார்த்ததுமில்லை, பெயர் கேட்டதுமில்லை. வகுப்பறை மேசையில் ஐந்து கிண்ணங்களில் இவற்றை வைத்து, தமிழிலும் தெலுங்கிலும் பெயர் எழுதி ஒட்டினால் போதும். ஆங்கிலத்தில் சாயவேரைக் குறிக்கும் சொல்லின் முதல் பாதி நம் "சாய"த்திலிருந்தே சென்றது என்று சொன்னால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

இதற்குப் பெரிய நிதி வேண்டாம், கட்டடமும் வேண்டாம். அடுத்த கோடை வகுப்புக்கான அறிவிப்பை எழுதும் முன் செயற்குழு அன்பர்கள் இதைப் பரிசீலிக்க வேண்டுகிறேன். பெற்றோர்களும் அந்தப் பன்னிரண்டு புட்டிப் பெட்டியை இப்போதே வாங்கிவிடாமல் சற்றுப் பொறுத்திருக்கலாம்.